திருவாதிரைக்குக் கீழே ஓர் இளஞ்சிவப்பு

மார்கழித் திருவாதிரையன்று முழுநிலவு திருவாதிரை நட்சத்திரத்தை ஒட்டியே வானில் ஏறும். நடராசர் தரிசனத்துக்கு உகந்த இரவு அது. அந்த நட்சத்திரத்துக்குத் தெற்கே பதினாலு பாகை தள்ளி, ஓரியன் விண்மீன் குழுவின் வாள் பகுதியில் இருக்கும் நெபுலாவைப் படம் எடுக்க நினைப்பவருக்கோ ஆண்டிலேயே மோசமான இரவு. தைப்பூசத்துக்குச் சுற்றுவட்டார ஊர்ச் சாமிகள் பெருநகர் என்ற ஊரில் செய்யாற்றங்கரையில் கூடும்போதும் முழுநிலவுதான். ஆகவே தை அமாவாசைக்குத்தான் காத்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் மேகங்கள் அதற்குள் விலகியிருக்கும். சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். இரவு ஒன்பது மணி வாக்கில் ஓரியன் நெபுலா தெற்கு வானில் 72 பாகை உயரத்தில், கழுத்தை நன்றாக அண்ணாந்தால் தெரியும் இடத்துக்கு வந்து நிற்கும்.

சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவில் 200 மில்லிமீட்டர் லென்ஸைப் பூட்டி, நட்சத்திரங்களின் நகர்வோடு கூடவே திரும்பும் ட்ராக்கரில் வைத்து ஒரு நிமிடம் படம் எடுத்தால் கேமராத் திரையில் தெரிவது இவ்வளவுதான்: பழுப்புச் சாம்பல் நிற வானம், நிறைய நட்சத்திரங்கள், நடுவே வெளிறிய ஒரு தீற்றல். சென்சார் பதிந்த எண்களை அப்படியே கணினியில் திறந்தால் அதுகூட இல்லை. படம் கிட்டத்தட்ட கறுப்பு. அதே கோப்புகளிலிருந்துதான் சிறகு விரித்தாற்போன்ற இளஞ்சிவப்பு வளைவுகளும் நீல ஓரங்களும் புகைபோல அடர்ந்த தூசிப்படலமும் வெளியே வருகின்றன. படத்தைப் பார்க்கிற எவரும் முதலில் கேட்பது, "இது நிஜமான கலரா, கம்ப்யூட்டர்ல போட்டதா?" என்பதுதான். நியாயமான கேள்வி. என் பதில் இது: நிறம் அங்கே இருக்கிறது, எவ்வளவு வெளிச்சமாகக் காட்டுவது என்பதை நாம் தேர்கிறோம், வடிவத்தை மட்டும் நாம் உண்டாக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

ஓரியன் நெபுலா ஏறக்குறைய 1,340 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் நடுவில் ட்ரபீசியம் என்ற இளம் நட்சத்திரக் கூட்டம். அவற்றில் பெரியதான தீட்டா1 ஓரியனிஸ் சி, சூரியனைவிடப் பல மடங்கு வெப்பமானது. அதன் புறஊதா ஒளி சுற்றியுள்ள ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெறிகிறது. பிரிந்த எலெக்ட்ரான் மறுபடி அணுவோடு சேர்ந்து படிப்படியாக இறங்கும்போது குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும் ஒளி வெளிவருகிறது. 656.3 நானோமீட்டரில் வரும் சிவப்பு ஹைட்ரஜன் ஆல்ஃபா, 486.1 நானோமீட்டரில் வரும் நீலம் ஹைட்ரஜன் பீட்டா. கூடவே 500.7 நானோமீட்டரில் ஒரு பச்சைநீலக் கோடும் வலுவாக இருக்கிறது. 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் இன்னொரு நெபுலாவின் நிறமாலையில் இந்தப் பச்சைக் கோட்டைக் கண்டார். பூமியில் அறியப்பட்ட எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தவில்லை. நெபுலியம் என்றொரு புதுத் தனிமமே இருப்பதாகப் பல பத்தாண்டுகள் நம்பினார்கள். இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன்தான் அது என்று 1927-இல் ஐரா போவன் கணக்கிட்டுக் காட்டினார். நம் ஆய்வகங்களில் உண்டாக்க முடியாத அளவுக்கு அடர்த்தி குறைந்த வாயுவில்தான் அந்தக் கோடு துலங்கும்.

இருட்டுக்குப் பழகிய கண்ணில் வேலை செய்பவை குச்சி செல்கள். 500 நானோமீட்டரை ஒட்டித்தான் அவற்றின் உணர்திறன் உச்சம்; 656 நானோமீட்டர் சிவப்பை அவை ஏறக்குறைய உணர்வதே இல்லை. நிறத்தைப் பிரித்துச் சொல்லவும் அவற்றால் முடியாது. அதனால் நல்ல தொலைநோக்கியில் பார்த்தாலும் ஓரியன் நெபுலா சாம்பலாக, சிலருக்கு இலேசான பச்சை சாயலோடு தெரிகிறது. அங்கே கொட்டிக் கிடக்கும் சிவப்பு நம் கண்ணில் விழுந்தும் பதிவதில்லை. கேமரா காட்டுவதைப் பொய் என்று சொல்பவர்கள் கண்ணின் இந்தக் குறையைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஒளியைச் சேர்த்து வைக்கும் திறமும் கண்ணுக்குக் கிடையாது. 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படமெடுத்தபோது தகட்டை 51 நிமிடம் திறந்து வைத்தார். மூன்றே ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஆன்ட்ரூ காமன் என்ற பொழுதுபோக்கு வானியலர், தொலைநோக்கி வழியே எவரும் கண்ணால் பார்த்திராத நட்சத்திரங்களும் இழைகளும் பதிந்த படத்தை எடுத்தார். 1888-இல் ஹார்வர்டில் எடுத்த ஒரு தகட்டை ஆராய்ந்த வில்லியமினா ஃபிளெமிங், ஓரியனின் இடைப்பட்டைக்குக் கீழே ஒரு கறுப்புக் குழிவைக் கவனித்தார். இன்று குதிரைத்தலை நெபுலா என்று நாம் அறிவது அதுதான். படத்தை மேசையில் வைத்து ஆராய்வதும் வானத்தைப் பார்ப்பதன் ஒரு பகுதி என்பது அன்றே உறுதியாகிவிட்டது.

பெருநகர் பன்னிரண்டரைப் பாகை வட அட்சத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. ட்ராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்த வேண்டும். இங்கே அது அடிவானத்திலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று பாகைதான் ஏறும். ஏரிக்கரையோ பனைமர வரிசையோ காஞ்சிபுரம் பக்கத்து ஒளிமூட்டமோ அதை மறைத்துவிடும். குளிர்நாடுகளில் வசிப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட மவுண்ட்களில், அதாவது கேமராவைத் தாங்கித் திருப்பும் தாங்கிகளில், சிலவற்றை இவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எதிர்எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். துருவ நட்சத்திரமே தெரியாதபோது, சில படங்களை எடுத்துக் கணினியிடம் கொடுத்து, அதிலுள்ள நட்சத்திரங்களை வைத்து அச்சின் திசையைக் கண்டுபிடிக்கும் வழி இன்று இருக்கிறது. அது வந்த பிறகு தென்தமிழ்நாட்டு மொட்டைமாடியிலிருந்துகூட நிம்மதியாகப் படம் எடுக்கலாம்.

ஒரு படம் போதாது; நூற்றுக்கணக்கில் எடுத்து ஸ்டாக் செய்கிறோம். நெபுலாவிலிருந்து ஒளித்துகள்கள் சீராக வருவதில்லை, ஒழுங்கின்றி வருகின்றன. ஒரு பிக்சலில் 100 துகள் விழ வேண்டிய நேரத்தில் 90-ம் விழலாம், 110-ம் விழலாம். இந்த ஏற்ற இறக்கம்தான் இரைச்சல். படங்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் உண்மையான ஒளி நிலைத்து நிற்கும். இரைச்சல் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். நூறு படத்தால் பத்து மடங்கு தெளிவு. அந்தத் தெளிவை இரட்டிப்பாக்க நானூறு படம் வேண்டும். ஒரு மணி நேரத்தை நாலு மணி நேரமாக்கினால்தான் இரண்டு மடங்கு பலன். குறுக்கே பறந்த விமானக் கோடுகளும் செயற்கைக்கோள் தடங்களும் ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால், சராசரியிலிருந்து மிகவும் விலகும் எண்களைத் தள்ளிவிடச் சொன்னால் அவையும் மறைந்துவிடும்.

வெப்பம் நமக்குத் தனிப் பகை. சென்சார் ஏறக்குறைய ஆறு செல்சியஸ் பாகை கூடுதலாகச் சூடேறினால், ஒளியே படாமல் கசியும் எலெக்ட்ரான்கள் இரண்டு மடங்காகும். அதைக் கழிக்க, லென்ஸை மூடிவிட்டு அதே வெப்பநிலையில் அதே நேர அளவுக்கு டார்க் ஃபிரேம்கள் எடுக்கிறோம். லென்ஸின் ஓர இருட்டையும் சென்சாரில் ஒட்டிய தூசியின் வட்டங்களையும் சரிசெய்யச் சீரான வெளிச்சத்தில் ஃப்ளாட் ஃபிரேம்கள். சலிப்பான வேலை. ஆனால் ஃப்ளாட் எடுக்காத படத்தில் பிற்பாடு தூசி வட்டத்தை மறைக்க முயல்பவர் தன் கையால் வானத்தை வரைய ஆரம்பிக்கிறார்; அந்த இடத்தில்தான் படம் ஆவணமாக இருப்பது நிற்கிறது.

அடுத்தது வான ஒளி. பெருநகருக்கு வடக்கே காஞ்சிபுரம், தெற்கே வந்தவாசி, மேற்கே செய்யாறு. வடகிழக்கில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகளும் அவற்றுக்கு அப்பால் சென்னையும். ஒவ்வொரு திசையிலிருந்தும் ஒரு வெளிச்சக் குவிமாடம் எழும்புகிறது. படத்தின் ஒரு மூலை மஞ்சளாகவும் எதிர்மூலை நீலமாகவும் சரிவது இதனால்தான். இந்தச் சரிவை மென்மையான ஒரு வளைபரப்பாகக் கணக்கிட்டுக் கழிப்பது வழக்கம். சிரில் என்ற இலவச மென்பொருளே இதை நன்றாகச் செய்யும். ஆனால் மென்பொருளுக்கு நகரத்து ஒளியும் நெபுலா ஒளியும் வேறுவேறு என்று தெரியாது. ஓரியனைச் சுற்றி, 1894-இல் எட்வர்டு பர்னார்டு படம்பிடித்த பர்னார்டு வளையம் என்ற பிரம்மாண்டமான மங்கிய வில் இருக்கிறது. அகலமான படத்தில் அதுவும் மென்மையான சரிவாகத்தான் பதியும். பின்னணியை மிக நுணுக்கமாகக் கழிக்கச் சொன்னால் அந்த வளையமே போய்விடும். கறுகறுவென்ற பின்னணியைப் பலர் அழகு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அழிக்கப்பட்ட தூசி.

இனி, அந்தக் கறுப்புப் படத்திலிருந்து நெபுலாவை வெளியே கொண்டுவரும் இடம். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. 14 பிட் கேமரா வெளிச்சத்தை 16,384 படிகளாகப் பிரிக்கிறது. ட்ரபீசியம் மேல்படிகளில், மங்கிய சிறகுகளெல்லாம் வான ஒளிக்குச் சற்று மேலே, அடிமட்டத்தில் ஒரு குறுகிய பட்டைக்குள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. இரண்டு மடங்கு ஒளி விழுந்தால் எண்ணும் இரண்டு மடங்காகும் நேர்விகிதப் பதிவு இது. திரையில் அப்படியே காட்டினால் மேல்படி மட்டும்தான் தெரியும். அடிப்படிகளை விரித்து மேல்படிகளைச் சுருக்குவதுதான் ஸ்ட்ரெட்ச். எல்லாப் பிக்சலுக்கும் ஒரே வளைவுதான் பொருந்தும்; எந்த இடத்தில் எது பிரகாசமாக இருந்ததோ அது பிரகாசமாகவே நிற்கும், வரிசை மாறாது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே அந்த வளைவில் ஏற்றினால் பிரகாசமான இடங்களில் மூன்றும் உச்சத்தை எட்டி வெள்ளையாகிவிடும். நட்சத்திரங்களெல்லாம் வெள்ளைப் புள்ளிகள், நெபுலாவின் நடுப்பகுதி வெளுத்த திட்டு. 2004-இல் ராபர்ட் லப்டனும் உடன் ஆய்வாளர்களும் ஸ்லோன் வான் ஆய்வுப் படங்களுக்காக ஒரு வழி சொன்னார்கள்: முதலில் மூன்று நிறங்களின் மொத்தப் பிரகாசத்தைப் பார், அதற்கு எவ்வளவு பெருக்கம் என்று கணக்கிடு, மூன்றையும் அதே எண்ணால் பெருக்கு. அப்போது நிறங்களுக்கு இடையிலான விகிதம் குலையாது. அவர்கள் பயன்படுத்திய ஆர்க்சைன்ஹச் என்ற சார்பு, மங்கலான இடத்தில் நேர்விகிதமாகவும் பிரகாசமான இடத்தில் மடக்கையாகவும் நடந்துகொள்ளும். திருவாதிரை ஆரஞ்சாகவும் ஓரியனின் மற்றொரு நட்சத்திரமான ரீகல் நீலவெண்மையாகவும் படத்தில் நிற்க வேண்டுமென்றால் முதலில் இந்த ஸ்ட்ரெட்சைத்தான் செய்ய வேண்டும்.

நிறத்தைச் சரிபார்க்க வானத்திலேயே சாட்சிகள் இருக்கின்றன. கையா விண்கலம் அளந்த இருபது கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் நிறமாலைகள் 2022 ஜூனில் வெளியாயின. நம் படத்திலுள்ள நட்சத்திரங்களை அந்தப் பட்டியலோடு பொருத்தி, எந்த நிறம் எவ்வளவு குறைவாகப் பதிந்திருக்கிறது என்று மென்பொருள் கணக்கிட்டுவிடும். காற்று, லென்ஸ், சென்சார் மூன்றும் சேர்ந்து செய்த திரிபு அதில் பெரும்பாலும் நீங்குகிறது. சென்சாரின் ஒவ்வொரு நாலு கட்டத்திலும் இரண்டு பச்சை; கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. சரிசெய்யாத படம் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். பச்சையை முற்றிலும் உறிஞ்சிவிடும் பொத்தானும் மென்பொருளில் உண்டு. அதைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தக் கூடாது. ஓரியனின் நடுப்பகுதியில் உள்ள ஆக்சிஜனின் பச்சைநீலம் உண்மையானது.

ஹைட்ரஜனின் நிறம் எது? பெரும்பாலான படங்களில் இரத்தச் சிவப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்தாயிரம் பாகை வெப்பத்தில் உள்ள வாயுவில் ஹைட்ரஜன் ஆல்ஃபா, பீட்டாவைப் போல 2.86 மடங்கு, இது அணுவின் இயல்பிலிருந்து வரும் விகிதம். மூன்றில் ஒரு பங்கு நீலம் கலந்த சிவப்பு, இளஞ்சிவப்புதான். இடையே தூசி இருந்தால் நீலம் மேலும் குறைந்து சிவப்பு ஏறும். ஆகவே ஒரே நெபுலாவுக்குள் இளஞ்சிவப்பு எங்கே அடர்சிவப்பாகிறது என்பது, தூசி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் தகவல். சிவப்பை எல்லா இடத்திலும் ஒரே அளவுக்கு உச்சத்துக்கு ஏற்றிவிட்டால் அந்தத் தகவல் போய்விடுகிறது. கடையில் வாங்கிய கேமராவில் சிக்கல் நேர்மாறானது. சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் ஹைட்ரஜன் ஆல்ஃபாவின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதனால்தான் சிலர் அந்தக் கண்ணாடியைக் கழற்றி மாற்றுகிறார்கள். நெபுலா எல்லாம் சிவப்பும் அல்ல. கார்த்திகை நட்சத்திரங்களைச் சூழ்ந்த மெல்லிய படலம் தானாக ஒளிர்வதில்லை. நட்சத்திர ஒளியைத் தூசி சிதறடிப்பதால் நீலமாகத் தெரிகிறது.

தெருவிளக்குகள் சோடியமாக இருந்தவரை 589 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சளை மட்டும் தடுக்கும் ஃபில்டர் நன்றாக உதவியது. எல்இடி விளக்கு எல்லா அலைநீளத்திலும் பரவுவதால் அந்த வழி அடைபட்டுப்போனது. இப்போது மாற்று, நெபுலாவின் கோட்டை மட்டும் ஏழு நானோமீட்டர் அகலத்தில் விடும் குறும்பட்டை ஃபில்டர். தமிழ்நாட்டுக்கு இது புதிதில்லை. கொடைக்கானல் ஆய்வகத்தில் 1912 முதலே ஹைட்ரஜன் ஆல்ஃபாக் கோட்டில் மட்டும் சூரியனைப் படம் எடுத்து வந்திருக்கிறார்கள். ஆல்ஃபாவையும் ஆக்சிஜனையும் மட்டும் விடும் இரட்டைப்பட்டை ஃபில்டரில், முதலாவதைச் சிவப்பிலும் இரண்டாவதைப் பச்சை, நீலம் இரண்டிலும் வைக்கிறோம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த காஞ்சிபுரம் பட்டில் மடிப்புக்கு மடிப்பு சாயல் மாறுவது போல, இந்த இரண்டு இழைகளிலிருந்தே படத்தின் எல்லா நிறமும் பிறக்கும். அவை இயல்பு நிறத்துக்கு அருகிலேயே இருக்கும்.

1995-இல் ஹபிள் எடுத்த கழுகு நெபுலாத் தூண்கள் வேறு வகை. அதில் கந்தகம் சிவப்பு, ஹைட்ரஜன் பச்சை, ஆக்சிஜன் நீலம். கந்தகமும் ஹைட்ரஜனும் உண்மையில் இரண்டுமே சிவப்பு. 15 நானோமீட்டர்தான் வித்தியாசம். அவற்றைப் பிரித்துக் காட்ட வேண்டி நிறத்தை இடம் மாற்றினார்கள். அது வரைபடம். பயனுள்ள வரைபடம், ஆனால் படத்தின் கீழே அதைச் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக நுணுக்கம். ட்ரபீசியம் வெளுத்துப்போகாமல் இருக்கச் சில விநாடிப் படங்களைத் தனியே எடுத்து, நீண்ட படங்களோடு இணைக்கிறோம். வெளிச்சமான பகுதிக்குள் மறைந்த இழைகளைத் தூக்கிக்காட்ட, படத்தின் மங்கலாக்கிய நகலை அதிலிருந்தே கழிக்கும் முறை உண்டு. ஃபிலிம் காலத்திலேயே ஆஸ்திரேலியாவில் டேவிட் மாலின் தகடுகளைக் கொண்டு அதைச் செய்தார். காற்றின் அலைவால் பரவிய புள்ளிகளைத் திரும்பக் குவிக்கும் ரிச்சர்ட்சன்–லூசி முறை 1972, 1974 ஆண்டுகளில் வந்தது. அளவோடு செய்தால் நல்லது. மிஞ்சினால் நட்சத்திரங்களைச் சுற்றிக் கறுப்பு வளையம் தோன்றி நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. அதனால் கணக்கைக் கையில் வைத்திருக்க வேண்டும். 400 மில்லிமீட்டர் குவியத்தூரம், 4 மைக்ரான் பிக்சல் என்றால் ஒரு பிக்சல் வானத்தில் ஏறத்தாழ 2 விகலை. ஓரியன் நெபுலாவின் தொலைவில் அது, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 800 மடங்கு. அங்கே கோள்கள் உருவாகும் தூசித் தட்டுகளை ஹபிள் படங்களில் பார்த்திருக்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை நம்முடைய ஒரே பிக்சலுக்குள் அடங்கிவிடும். இந்தக் கருவியில் எடுத்த படத்தில் அப்படியொரு தட்டு தெரிந்தால் அது வானத்திலிருந்து வந்ததல்ல. வேறு படங்களைப் பார்த்துக் கற்ற மென்பொருள் நிரப்பியது. நட்சத்திரங்களைத் தற்காலிகமாகப் பிரித்து வைத்து நெபுலாவை மட்டும் ஸ்ட்ரெட்ச் செய்யவும், இரைச்சலைத் தணிக்கவும் இந்தக் கருவிகளை நானும் ஏற்கிறேன். புதிதாக ஓர் இழை தெரிந்தால் ஸ்டாக் செய்த மூலக் கோப்பில் அதே இடத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். படங்களை இரண்டு பாதியாகப் பிரித்துத் தனித்தனியே ஸ்டாக் செய்தால் இன்னும் உறுதி: இரண்டிலும் இருப்பது வானம், ஒன்றில் மட்டும் இருப்பது இரைச்சல்.

ஓரியனோடு நின்றுவிடாமல் இங்கிருப்பவர்கள் கரீனா நெபுலாவையும் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. அது ஓரியன் நெபுலாவைவிடப் பெரியது. ஐரோப்பாவில் உதிப்பதே இல்லை. டெல்லியில் அடிவானத்தை உரசிப் போகும். பெருநகரில் 17 பாகை ஏறும். ஏறக்குறைய இதே அட்சத்தில், நேர் மேற்கே ஜவ்வாது மலையில் காவலூரை வைணு பாப்பு தேர்ந்து 1968-இல் வேலையைத் தொடங்கியதற்கு, தென்வானமும் அங்கிருந்து எட்டும் என்பது ஒரு காரணம். 17 பாகையில் பார்க்கும்போது தலைக்கு மேலே பார்ப்பதைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான காற்றைக் கடந்து ஒளி வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிப்போய், கரீனாவின் இளஞ்சிவப்பு செங்கல் நிறத்தில் பதியும். அதே படத்திலுள்ள நட்சத்திரங்களும் அதே காற்றைக் கடந்துதான் வந்திருக்கின்றன; கையா பட்டியலோடு அவற்றை ஒப்பிட்டு இழந்த நீலத்தை மீட்கலாம். ஆனால் மீட்கும் நீலத்தோடு அதன் இரைச்சலும் பெருகும். அதனால் ஓரியனுக்கு எடுக்கும் நேரத்தைப் போலக் குறைந்தது இரண்டு மடங்காவது தேவை. மாசி அமாவாசையை ஒட்டிய இரவுகளில் நள்ளிரவு வாக்கில் அது தன் அதிகபட்ச உயரத்துக்கு வரும். வந்தவாசி வெளிச்சம் பக்கவாட்டில் ஒதுங்கி, தெற்கே மரமில்லாத வெளி கிடைக்கிற இடமாகப் பார்த்து மவுண்ட்டை வைத்தால் மூன்று மணி நேரம் கிடைக்கும்.